வெயில் பக்கத்துத் தொட்டி

கிள்ளான்,
14 ஜனவரி 1935

தம்பி ரபேலுக்கு,

நேற்று பூசை முடிந்து அம்மா ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் பிரசவ வார்டில் இருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்: "டொரத்திக்கு இடம் பாத்தாச்சு. பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் கலியாணம். ரபேலும் சரின்னுட்டான்."

நீ சரியென்றாயா? எனக்கு ஒரு வரி எழுதாமல்?

நம் தங்கைக்குப் பதினாலு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளை மாரிஸுக்கு முப்பதுக்கு மேல். சாலாக் செலாத்தானில் ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்காரன். முதல் மனைவி பிரசவத்தில் செத்தாளாம். அவளுக்கு என்ன வயது என்று கேட்டேன். "செத்தவ வயசா இப்ப முக்கியம்?" என்றாள் அம்மா. தினமும் பிரசவம் பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வி.

அவசரத்துக்குக் காரணமும் சொன்னாள். தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் அந்தப் பெரிய கிராணி, டொரத்தியைத் தன் வீடு பெருக்க அனுப்பச் சொல்லியிருக்கிறான். காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, எல்லார் காதிலும் விழ. போன வருஷம் அவன் வீடு பெருக்கப் போனவள் சீதாலெட்சுமி. அவள் பிள்ளையை இந்தக் கையால்தான் எடுத்தேன். எடுத்தபோது அதற்கு மூச்சில்லை. கிராணி இன்றைக்கும் பெரட்டில் நின்று பேர் கூப்பிடுகிறான்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்தைத்தான் ஏற்க முடியவில்லை. கிராணி கையில் சிக்கக் கூடாதென்று மாரிஸ் கையில் கொடுப்பதா?

அப்பா இருந்திருந்தால் என்று எழுத மாட்டேன். அவரும் இதைத்தான் செய்திருப்பார். உன்னிடம்தான் வேறு எதிர்பார்த்தேன்.

லூசி


பிரிக்பீல்ட்ஸ்,
20 ஜனவரி 1935

அக்காவுக்கு,

உன் கடிதத்தை, கூடத் தங்கியிருக்கும் வாலண்டைன் பக்கத்தில் இருக்கும்போது பிரித்தது தப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, வேலை போயிடுச்சா?" என்றான். "இல்ல, அக்கா," என்றேன். "அது அதைவிட மோசம்லா," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆமாம், சரியென்றேன். வேறென்ன சொல்ல? நீ பதினெட்டு வயதில் நர்ஸ் படிக்கிறேன் என்று தோட்டத்தை விட்டுப் போனாய். நான் பின்னாலேயே கோலாலம்பூருக்கு வந்தேன். அந்தக் கூலி லயத்து வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பது அவர்கள் இரண்டு பேரும்தான். உன் குவார்ட்டர்ஸில் வெளி ஆளை வைக்க விடமாட்டார்கள். இங்கே ஒரே அறையில் நாங்கள் மூன்று ஆண்கள். டொரத்தியை எங்கே கொண்டு வைப்பது, சொல்.

கோபப்படாமல் ஒன்றைக் கேள். ஆராய்ச்சிக் கூடத்தில் என் வேலை உனக்குத் தெரியும். கொசுப்புழுவைத் தின்பதற்காக லோங்காங் சாக்கடையில் விடும் சின்ன மீன்களை வளர்ப்பது. முட்டையிடாமல் குட்டி போடும் ஜாதி. துரை டாக்டர் அவற்றை இரண்டு தொட்டியில் வைத்தார். ஒன்றில் வெறும் மீன். மற்றதில் நடுவே கம்பி வலை கட்டி, வலைக்கு அந்தப் பக்கம் ஒரு விரால். விராலால் இவற்றைத் தின்ன முடியாது. ஆனால் இவை அதைப் பார்க்கும்.

என்ன ஆயிற்று தெரியுமா? விரால் தொட்டியில் இருந்தவை பாதி உடம்பு வளர்ந்த உடனேயே சினையாகிவிட்டன. நிறையக் குட்டிகள், பொடிப்பொடியாக. மற்ற தொட்டியில் நிதானமாகப் பெரிதாகி, அதற்குப் பிறகுதான் போட்டன. துரை விளக்கினார்: நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஜீவன் காத்திருக்காது, இன்றைக்கே பெற்றுவிடும், இயற்கை கண்ட வழி அது. பிறகு, "உங்கள் கூலி ஜனங்களும் அப்படித்தானே, ரபேல்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எழுதுகிற கட்டுரையில் ஓரத்தில் என் பெயரையும் போடுவாராம்.

அம்மா படிக்காதவள். ஆனால் அந்த மீனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. விரால் இருக்கும் இடத்தில் காத்திருக்க முடியாது அக்கா. கலியாணம் செய்யக் கூடாத தபசு காலம் குறுக்கே வராவிட்டால் இன்னும் சீக்கிரமே முடித்திருப்போம்.

மாரிஸ் குடிக்கிறவன் இல்லை. விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன்.

ரபேல்


கிள்ளான்,
3 பிப்ரவரி 1935

ரபேல்,

பெற்றவளைக் கேலி செய்த துரையோடு சேர்ந்து நீயும் சிரித்திருக்கிறாய். கூலியாகக் கட்டுரை ஓரத்தில் ஒரு பெயர். நன்றாயிரு.

அந்தத் துரையை ஒரு நாள் இங்கே அனுப்பு. ஆபத்தில் தோட்டத்துப் பெண்கள் அதிகமாகப் பெறுகிறார்களா என்று காட்டுகிறேன். காய்ச்சல் பரவிய வருஷம் லயங்களில் வயிற்றில் தங்கியதே குறைவு. தங்கியதும் மாதம் நிறையவில்லை. அதைக் கணக்கெடுக்க எந்தத் துரையும் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை காஜாங் பக்கத்திலிருந்து லோரியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து வயது. இரண்டு நாளாக வலி. இடுப்பு இன்னும் குழந்தை இடுப்பு; பிள்ளை இறங்க வழியில்லை. வலிக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். பிள்ளை போய்விட்டது. அவள் பிழைத்தாள். ஆனால் உள்ளே கிழிந்துவிட்டது. இனி சிறுநீரை அடக்க முடியாது. படுக்கை எப்போதும் நனைந்திருக்கிறது. புருஷன் ஒருமுறை வந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்.

இப்போது என் கேள்விகள். சீக்கிரம் குட்டி போட்ட அந்தத் தாய் மீன்கள் எவ்வளவு காலம் உயிரோடிருந்தன? குட்டிகளை எண்ணினீர்களே, அவற்றை எண்ணினீர்களா? விராலைத் தொட்டியில் விட்டது இயற்கையா? உன் துரை விட்டார். வலை கட்டினது நீ. கிராணியையும் கடவுள் கொண்டுவந்து அந்த நாற்காலியில் வைக்கவில்லை. மானேஜர் வைத்தான்.

டொரத்தியை யாராவது கேட்டீர்களா? நான் போய்க் கேட்டேன். "அம்மா சொன்னா சரிதான்க்கா," என்றாள். வேலிவரைக்கும் கூட நடந்து வந்தவள், நான் பஸ் ஏறப் போகும்போது கேட்டாள்: "சாலாக் செலாத்தானுக்கு அம்மாவும் வந்து என்கூடப் படுத்துக்குவாங்களா?"

இன்னும் அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளைடா அது.

கலியாண ஓலையை, தடை இருந்தால் சொல்லச் சொல்லி, மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தாக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் உன் சம்மதம் இல்லாமல் பங்குச் சாமி வாசிக்க மாட்டார். சம்மதத்தைத் திருப்பி வாங்கு.

லூசி


பிரிக்பீல்ட்ஸ்,
10 பிப்ரவரி 1935

அக்கா,

கேட்டாய், சொல்கிறேன். எண்ணவில்லை. சின்னத் தாய்கள் இரண்டு ஈத்துக்குள் செத்து மிதந்தன. நான்தான் வலையில் அள்ளி வெளியே கொட்டுவேன். எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

சீதாலெட்சுமி மாதிரி டொரத்தி ஆகிவிட்டால் அன்றைக்கும் என்னைத்தான் கேட்பாய், நீ என்னடா செய்தாய் என்று. எதைச் செய்தாலும் உன் வாயில் நான்தான் குற்றவாளி. எனக்கு இனி எழுதாதே.

ரபேல்


பிரிக்பீல்ட்ஸ்,
10 ஏப்ரல் 1935

அக்காவுக்கு,

எழுதாதே என்றவனே எழுதுகிறேன். திட்டுவதானால், கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

உன்னிடம் மீன் கதையைப் பீற்றிக்கொண்ட மறு வாரமே ஒன்று நடந்தது. வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. துரை தெர்மாமீட்டரோடு வந்து இரண்டு தொட்டியிலும் முக்கிப் பார்த்தார். மரத்தடியில் இருந்த தொட்டி குளிர்ந்திருந்தது. விரால் தொட்டி, குளிக்கக் காயவைத்த தண்ணீர் மாதிரி.

அதை மேற்கு வராந்தாவில், தகரக் கூரைக்குக் கீழே வைத்தது நான். முதலில் அதுவும் மரத்தடியில்தான் இருந்தது. ஆனால் விரால் குழம்புக்கு நல்ல மீன் பார். முதலில் விட்ட இரண்டு விராலும் காணாமல் போயின. சமையற்கட்டில் மட்டும் நல்ல வாசனை. பியூன் கன்னையாவைக் கேட்டேன். "பூனையா இருக்கும் தம்பி," என்றார். "பூனை புளி கரைச்சு ஊத்துமா அண்ணே?" என்றேன். "மலாயாப் பூனை தம்பி, எல்லாம் செய்யும்." அதனால் மூன்றாவது விராலை, என் முக்காலிக்குப் பக்கத்தில், கண் பார்வையில் வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குமேல் அங்கே வெயில் நேராக அடிக்கும். தொட்டிக்கு வெயில் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"போடோ! முட்டாள்!" என்று கத்தினார் துரை. "விரால், சூடு என்று இரண்டை மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழி போட்டிருக்கிறோம்!" எழுதிய கட்டுரையைக் கிழித்தார். என் பெயரும் அதோடு போயிற்று.

பிறகு நான்கு தொட்டி வைத்தோம். வெயிலில் இரண்டு, நிழலில் இரண்டு; ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் விரால். எல்லாவற்றிலும் ஒரே நாளில் பிறந்த குட்டிகள். இப்போது முடிவு தெரிகிறது. வெயிலில் விரால் இல்லாமலேயே அவை சீக்கிரம் சினையாயின. வெயிலும் விராலும் சேர்ந்த தொட்டியில்தான் படுமோசம்: விரல் நகத்தளவுத் தாய்கள். நிழலில் இருந்த விரால் தொட்டியில் அப்படி இல்லை. பயந்தன, பாசிக்குள் ஒதுங்கின, இரையைக் கூடக் குறைத்துக்கொண்டன. ஆனால் வளர்ந்தன. கொஞ்சம்தான் முந்தின. இந்த முறை செத்த தாய்களை நானே எண்ணுகிறேன், யாரும் சொல்லாமல். வெயில் பக்கம்தான் அதிகம்.

அதே விரால், அதே வலை அக்கா. ஆனாலும் நிழலில் அவை அவ்வளவு அவசரப்படவில்லை. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. டொரத்தி கலியாணம் கேட்கவில்லை. கிராணி கண் வைத்தான். அவசரப்படுத்திய வெயில் அம்மாவும் நானும்தான்.

ஆனால் சம்மதம் கொடுத்தாயிற்றே. மாரிஸ் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான். பாஸ்குக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை. சொன்ன சொல்லை எந்த முகத்தோடு மாற்றுவது?

ரபேல்


கிள்ளான்,
13 ஏப்ரல் 1935

தம்பி,

சீதாலெட்சுமியைச் சொன்னேன், நீ அசையவில்லை. காஜாங் பெண்ணைச் சொன்னேன், எழுதாதே என்றாய். ஒரு துரை தெர்மாமீட்டரை முக்கிக் காட்டியதும் சோறு இறங்கவில்லையாம். எனக்கு இது ஆறவே ஆறாது. எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

சரி. எதனால் திரும்பினாலும் திரும்பினாய்.

நிழலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஆற்றின் தெற்குக் கரையில், சீனன் மரக்கடைக்குப் பின்னால் ஒரு அறை. நாள் முழுக்க ரம்பச் சத்தம், இருக்கட்டும். குவார்ட்டர்ஸை விட்டுப் போகிறேன் என்றதும் மேட்ரன், "அப்புறம் இங்கே மேலே வரும் ஆசையை விட்டுவிடு," என்றாள். விட்டுவிட்டேன். டொரத்தி என்னோடு இருப்பாள். கன்னியாஸ்திரீகளிடம் தையல் படிக்கட்டும்.

மிச்சம் உன் வேலை. நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள். எனக்குக் கலியாணம் ஆகாததால் என் பேச்செல்லாம் பொறாமையாம். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

எந்த முகத்தோடு மாற்றுவது என்று கேட்கிறாய். கொடுத்தாயே, அதே முகத்தோடு.

லூசி


பிரிக்பீல்ட்ஸ்,
6 மே 1935

அக்காவுக்கு,

நேற்று டொரத்தியை உன் அறையில் விட்டபோது நீ வார்டில் இருந்தாய். எனக்குக் கடைசி ரயில். அவள் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு போனேன். சாமி ஓலை வாசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை மறைக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

நேற்று இரண்டாவது ஓலை. தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று சாமி வழக்கம்போல் வாசித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரியும் சாமி."

கோயில் முழுக்கத் திரும்பியது. சாமி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ பொண்ணோட அண்ணன்தானே? நீதானே சம்மதம் குடுத்தே?"

"குடுத்தவன்தான் திருப்பி வாங்குறேன்."

"பதினாலு முடிஞ்சிருச்சு. சபைச் சட்டப்படி வயசுத் தடை இல்லையேப்பா."

"வயசைச் சொல்லல சாமி. பெரிய கிராணி அவளை வீடு பெருக்கக் கூப்பிட்டாரு. அதுக்குப் பயந்துதான் நாங்க கட்டிக் குடுக்குறோம். பயத்துல சொல்ற சம்மதம் செல்லுமா?"

கிராணி முன் வரிசையில் மனைவியோடு இருந்தான். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். அவன் மனைவி மெதுவாக ஒரு கை தூரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சாமி ஓலையை மடித்து வைத்துக்கொண்டார். பூசை முடிந்ததும் டொரத்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. "பயப்படாம சொல்லும்மா, உனக்குச் சம்மதமா?" என்றார். "இல்ல சாமி," என்றாள். அப்புறம், "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வெளியே வந்ததும் அம்மா என்னை அறைந்தாள். இரண்டு முறை. "ஊரு முன்னால எம்பொண்ணு பேரைக் கிராணி பேரோட சேர்த்துட்டியேடா, இனி எவன் கட்டுவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதிலும் நிஜம் இருக்கிறது அக்கா.

மாரிஸ் படிக்கட்டில் புதுச் சட்டையோடு நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். "முதல்லயே சொல்லிருக்கலாமே மச்சான், இவ்வளவு சுண்ணாம்பை வீணாக்கிருக்க மாட்டேன்," என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான். "செத்தவளுக்கும் வயசு பதினஞ்சுதான்," என்றான்.

கிள்ளானில் ரயிலை விட்டு இறங்கும்போது டொரத்தி, "கிராணி அம்மாவை என்ன பண்ணுவான் அண்ணே?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ண மாட்டான் என்றேன். பொய்தான்.

ரபேல்


கிள்ளான்,
16 மே 1935

தம்பிக்கு,

பொய்தான். மறுநாள் பெரட்டில் அவன் எல்லார் பேரையும் கூப்பிட்டான், அம்மா பேரைத் தவிர. அடுத்த நாளும் அப்படியே. அம்மா தகரப் பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். பதினெட்டு வருஷம் பால் வெட்டியவள். ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. டொரத்தி பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள், நான் ஆக்கியதைச் சாப்பிடுகிறாள், சுவரைப் பார்த்துச் செபம் சொல்கிறாள்.

டொரத்தி தையல் படிக்கப் போகிறாள். ரம்பச் சத்தத்திலும் நன்றாகத் தூங்குகிறாள். அதை நினைத்து நேற்றுச் சாயங்காலம் வரை எனக்குப் பெருமையாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நாகையா வந்தார். நம் லயத்துக்கு எதிர் லயம். கிராணி இப்போது அவர் மகள் சந்திரகலாவைக் கேட்டிருக்கிறான். திங்கட்கிழமையிலிருந்து வீடு பெருக்க வர வேண்டுமாம். பதின்மூன்று வயது. நாகையா உட்காரவில்லை. தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டார்:

"லூசிம்மா, நாங்க வேதக்காரங்க இல்ல. எங்களுக்கு ஓலை வாசிக்கிறது, காத்திருக்கிறது ஒண்ணும் கெடையாது. நாளைக்கேகூடக் கட்டிரலாம். அந்தப் பம்புக்காரத் தம்பி இன்னும் சும்மாதானே இருக்காரு?"

நம் பிள்ளையை எடுத்து நிழலில் வைத்துக்கொண்டோம், ரபேல். விரால் அதே தொட்டியில் இருக்கிறது. நாம் காலி செய்த இடத்துக்கு அடுத்த பிள்ளையைக் கேட்கிறது. நாம் செய்தது அவ்வளவுதான்.

நாகையாவிடம் மாரிஸ் விலாசம் தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"யோவ் நாகையா, மாப்பிள்ளை தேடாதே. திங்கக்கெழமை பெரட்டுக்கு உம்பொண்ணை அனுப்பாதே, நீ வா. நானும் வரேன்."

"உங்க பேருதான் இல்லியே அக்கா."

"அவன் கூப்பிட்டாத்தான் வரணுமா?"

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வரணும். சீதாலெட்சுமியோட செத்த புள்ளைய எடுத்தவ நீதான்," என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இன்று காலை சீதாலெட்சுமிக்குச் சொல்லி அனுப்பினோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஞாயிறு மத்தியானமே வந்துவிடு. வாலண்டைனையும் கூட்டி வா. முடிந்தால் மாரிஸையும் கேள். திங்கட்கிழமை காலை கிராணி பேர் கூப்பிட வந்து நிற்கும்போது நாம் அவனுக்கு நேரே நிற்போம். அவன் பேரை நாம் கூப்பிடுவோம், அவன் செய்ததையும் சொல்வோம், மானேஜர் காதில் விழும்படி. உதைப்பார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள். தெரிந்துதான் போகிறோம்.

துரையிடம் லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே. கொடுக்க மாட்டார். வா.

லூசி